கிருபைக்கு நிபந்தனை உண்டா?

1717ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் வில்லியம் கிரெய்க் என்ற இளைஞர், போதகராகும் அனுமதி கேட்டுத் தம் வட்டாரச் சபை மன்றத்தின் முன் நின்றார். ஆக்தரார்டர் என்ற ஊரின் மன்றம் அது. வழக்கமான கேள்விகளோடு ஒரு வாக்கியத்தையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது மன்றம். "கிறிஸ்துவிடம் வருவதற்கு நாம் முதலில் பாவத்தைக் கைவிட வேண்டும் என்று போதிப்பது சரியான உபதேசம் அல்ல" என்பது அதன் சாரம். கிரெய்க்கின் மனம் உறுத்தியது. சந்தேகத்தைச் சொன்னார். மன்றம் அனுமதிச் சான்றைக் கொடுக்க மறுத்தது. அவர் ஸ்காட்லாந்து சபையின் பொதுப்பேரவையில் முறையிட்டார். பேரவை அவர் பக்கம் நின்றது. அந்த வாக்கியம் தவறானது, மிகவும் அருவருக்கத்தக்கது என்றே தீர்மானம் போட்டது.

முதல் வாசிப்பில் நமக்கும் அப்படித்தான் படும். பாவத்தை விடாமலே கிறிஸ்துவிடம் வரலாமா? ஆனால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாவத்தை விட்டவர்கள் மட்டும்தான் வரலாம் என்றால் யார் வருவார்கள்? காய்ச்சல் இறங்கிய பிறகு வா என்று சொல்லும் வைத்தியரிடம் எந்த நோயாளி போவான்? ஆக்தரார்டர் மன்றத்துக்கு இந்தக் கவலை. பேரவைக்கு வேறு கவலை: இப்படிப் போதித்தால் பாவத்தை யார்தான் விடுவார்கள்? இரண்டு கவலையும் பொய்யில்லை. அன்று பேரவையில் தாமஸ் பாஸ்டன் என்ற போதகர் உட்கார்ந்திருந்தார். அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் நன்றாகச் சொல்லப்படவில்லை என்பது அவருடைய எண்ணம். எழுந்து பேசாமல் இருந்துவிட்டோமே என்று பிறகு வருந்தினார். எனக்கும் பாஸ்டனின் தீர்ப்பே சரியாகப் படுகிறது.

கடவுளின் கிருபை நிபந்தனையின்றிக் கொடுக்கப்படுகிறதா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இறையியல் படிப்பவர்கள் அல்ல. நான் போதுமான அளவு வருந்தினேனா, என் விசுவாசம் போதுமா, மறுபடி விழுந்துவிட்டேனே, இனி என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று ராத்திரியில் புரண்டு படுக்கிறவர்கள்தான். அவர்களிடம் "ஆம்" என்று மட்டும் சொன்னால் அரைகுறை. "இல்லை" என்று சொன்னால் கொடுமை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிபந்தனை என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு கேள்விகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. கொடுப்பதற்கு முன்னால் தகுதி பார்க்கப்படுகிறதா என்பது ஒன்று. வாங்கிக்கொள்ள நீட்டும் கை யாருடையது, அந்த நீட்டலே ஒரு நிபந்தனையா என்பது இன்னொன்று. வாங்கிய பிறகு எதுவும் எதிர்பார்க்கப்படுகிறதா என்பது வேறொன்று. இரண்டாயிரம் வருஷச் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை மற்றவர் மூன்றாம் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

கிருபை என்று நாம் படிக்கும் இடத்தில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இருப்பது காரிஸ். தமிழில் புராட்டஸ்டண்டு சபைகள் கிருபை என்பதைக் கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். அன்றைய கிரேக்க, ரோம உலகத்தில் காரிஸ் என்பது கோயிலுக்குள் மட்டும் புழங்கிய சொல் அல்ல. பரிசு, தயவு, உபகாரம், அதற்குக் காட்டும் நன்றி எல்லாமே காரிஸ்தான். அந்த ஊர்ப் புராணத்தில் மூன்று சகோதரிகள் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். அவர்களுடைய பெயரும் இதே சொல்லின் பன்மைதான். புதிய ஏற்பாட்டில் பல கடிதங்களை எழுதிய அப்போஸ்தலர் பவுலின் காலத்தில் வாழ்ந்த ரோமத் தத்துவஞானி செனெகா அந்தச் சிற்பத்துக்கு வழங்கிவந்த விளக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். ஒருத்தி கொடுக்கிறாள், ஒருத்தி வாங்குகிறாள், ஒருத்தி திருப்பிக் கொடுக்கிறாள். உபகாரம் கை மாறி மாறிக் கடைசியில் கொடுத்தவரிடமே திரும்ப வர வேண்டும். நடுவில் ஒரு கை விட்டாலும் ஆட்டத்தின் அழகு போய்விடும்.

இந்த உலகத்தில் பரிசு என்றாலே உறவு. வாங்கிக்கொண்டு போய்விடுவது நன்றிகெட்டதனம். அதனாலேயே, யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஆள் பார்த்துக் கொடுப்பதுதான் விவேகம் என்று நினைத்தார்கள். தகுதியில்லாதவனுக்குக் கொடுத்தால் பரிசும் வீண், கொடுத்தவர் மானமும் போகும். பவுல் இந்த இடத்தில்தான் கையை வைத்தார். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" என்று ரோமருக்கு எழுதினார். பாவிகளாயிருக்கையில் என்ற சொல்லை அன்றைய வாசகர் காதால் கேட்டுப் பாருங்கள். நல்லவர்களான பிறகு என்றோ, நல்லவர்களாகப் போகிறவர்கள் என்றோ அவர் எழுதவில்லை. கடவுள் ஆள் பார்க்காமல் கொடுத்துவிட்டார் என்பதுதான் அந்தக் காலத்துக் காதுக்கு அதிர்ச்சி.

ஆனால் பவுல் வட்டத்தின் மறுபாதியை அறுக்கவில்லை. அதே ரோமருக்கு எழுதின கடிதத்தில் பதினொரு அதிகாரம் கிருபையைப் பேசிவிட்டு, பன்னிரண்டாம் அதிகாரத்தை "அப்படியிருக்க" என்று தொடங்குகிறார். தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார். இரக்கம் முன்னால், ஒப்புக்கொடுத்தல் பின்னால். புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ஜான் பார்க்லே 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கிருபையை மக்கள் ஆறு விதமாக உச்சத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒருவர் அதன் அளவைப் பார்க்கிறார், ஒருவர் அது முந்தி வருவதைப் பார்க்கிறார், ஒருவர் தகுதியில்லாதவருக்கு வருவதைப் பார்க்கிறார், ஒருவர் திரும்ப எதையும் எதிர்பாராமையைப் பார்க்கிறார். இவை ஒன்றல்ல. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாக ஆகாது. பவுல் அழுத்திச் சொன்னது தகுதியின்மையை. திரும்ப எதுவும் எதிர்பார்க்காத பரிசு என்பதை அவர் சொல்லவில்லை என்பது பார்க்லேயின் வாதம். எனக்கு இது பெரிய வெளிச்சம். பரிசு என்றால் எந்தப் பிணைப்பும் இருக்கக்கூடாது என்பது பெரும்பாலும் நவீன மனிதரின் நினைப்பு. அதைக் கொண்டுபோய் முதல் நூற்றாண்டுக் கடிதத்துக்குள் வைத்துப் படித்தால் பாதி வசனங்கள் இடிக்கும்.

பழைய ஏற்பாட்டிலும் இதே வரிசைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே நியாயப்பிரமாணம், இங்கே கிருபை என்று பிரித்துவிடுகிறோம். ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆபிராம் மிருகங்களை நடுவே துண்டித்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறான். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் துண்டங்களின் நடுவே நடப்பார்கள். வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று அர்த்தம். எரேமியா 34ஆம் அதிகாரத்தில் அந்த வழக்கம் தெரிகிறது. ஆனால் ஆபிராம் நடக்கவில்லை. அவன் அயர்ந்து தூங்குகிறான். இருட்டில், கடவுளின் அடையாளமாக, புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஒரு பக்கத்துக் கையெழுத்து மட்டுமே உள்ள ஒப்பந்தம். சீனாய் மலையில் "என் வாக்கை உள்ளபடி கேட்டு" என்று நிபந்தனை வருவது நிஜம். அங்கேயும் பத்துக் கட்டளைகளின் முதல் வரி கட்டளை இல்லை. உன்னை எகிப்திலிருந்து, அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினவர் நான் என்பதுதான். விடுதலை முடிந்த பிறகுதான் சட்டம். யூத மதம் என்றாலே புண்ணியக் கணக்கு என்ற பழைய கிறிஸ்தவக் குற்றச்சாட்டை இ.பி. சாண்டர்ஸ் 1977இல் பலமாக அசைத்தார். உள்ளே வருவது தேவதயவால், உள்ளே நிலைத்திருப்பது கீழ்ப்படிதலால் என்றுதான் அன்றைய யூதர்கள் நம்பினார்கள் என்று அவர் காட்டினார். அவருடைய முடிவுகளில் சிலவற்றை ஏற்காதவர்கள்கூட அதற்குப் பிறகு யூதர்களைப் பற்றிப் பழைய மாதிரி எழுத முடியவில்லை.

அப்புறம் வருகிறது நடுவில் உள்ள கேள்வி. கொடுப்பவர் தகுதி பார்க்கவில்லை, சரி. வாங்குகிற கையாவது என்னுடையதா?

இதை உயிரைக் கொடுத்து யோசித்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். ஆரம்பத்தில் அவரும் நம்மில் பலரைப் போலத்தான் நினைத்தார்: கடவுள் அழைக்கிறார், விசுவாசிப்பது என் பங்கு. 396ஆம் ஆண்டையொட்டி, மிலான் நகரத்தின் சிம்பிளிசியான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அந்த நினைப்பு உடைந்தது. உடைத்தது பவுலின் ஒரு கேள்வி: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என் விசுவாசத்தைத் தவிர என்று பதில் சொல்ல முடியுமா? அகுஸ்தீனால் முடியவில்லை. மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காக நான் போராடிப் பார்த்தேன், ஆனால் கடவுளின் கிருபை ஜெயித்துவிட்டது என்று முதுமையில் அதைத் திரும்பிப் பார்த்து எழுதினார்.

அவருடைய ஜெபம் ஒன்றை ரோமில் ஓர் ஆயர் எடுத்துச் சொன்னார்: நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும். கேட்டுக்கொண்டிருந்த பெலாஜியுஸால் பொறுக்க முடியவில்லை. பிரித்தானியாவிலிருந்து வந்த துறவி அவர். பெலாஜியுஸை வெறும் கள்ளப்போதகராகச் சித்திரிப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன். ரோமில் பெயரளவுக் கிறிஸ்தவர்கள் பெருகியிருந்த காலம். எங்களால் முடியாது, நாங்கள் பலவீனர்கள் என்று சொல்லிச் சொல்லியே ஒழுக்கத்தைக் காற்றில் விட்டிருந்தார்கள். முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா, அப்படிச் சொல்வது அவரையே குறை சொல்வதல்லவா என்பது பெலாஜியுஸின் கேள்வி. சுயசித்தம், நியாயப்பிரமாணம், கிறிஸ்துவின் முன்மாதிரி இவையே கிருபை. இவற்றை வைத்து நீ நடக்கலாம், நட என்றார். அகுஸ்தீனின் பதில், நோய் அவர் நினைப்பதைவிட ஆழமானது என்பதுதான். வழி தெரியாததால் நாம் நிற்கவில்லை, போக விரும்பாததால் நிற்கிறோம். விருப்பத்தையே மாற்றுகிறவர் ஒருவர் வேண்டும். கார்த்தேஜில் 418இல் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் எளிது. தென் காலியாவின், அதாவது இன்றைய தென் பிரான்சின் துறவிகளுக்கு, முக்கியமாக யோவான் காசியானுக்கு, அகுஸ்தீனின் முடிவு வேறு விதமாக உறுத்தியது. எல்லாமே கடவுள் செய்வதென்றால் சிலருக்கு ஏன் செய்யவில்லை? சில நேரம் மனிதன் ஒரு சிறு அடி எடுத்துவைக்கிறான், கடவுள் ஓடிவந்து தாங்குகிறார் என்று சொல்லலாமே? இந்தச் சிறு அடிதான் பிரச்சினை. 529இல் ஆரஞ்சு நகரத்தில் கூடிய சங்கம், விசுவாசத்தின் ஆரம்பமே, நம்ப வேண்டும் என்ற ஆசையே கிருபையின் வேலைதான் என்று தீர்மானித்தது. அதே மூச்சில், தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறித்தார் என்பதையும் சபித்துத் தள்ளியது. மேற்கத்திய சபை ஒரு மாதிரி இங்கே நின்றது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்தச் சண்டையை இதே வடிவில் போடவே இல்லை. காசியானை அவர்கள் இன்றும் புனிதராகவே மதிக்கிறார்கள். கடவுளும் மனிதனும் சேர்ந்து உழைப்பது என்ற சொல் அவர்களைப் பயமுறுத்துவதில்லை. கிருபை என்பதைத் தீர்ப்பு மன்ற வார்த்தையாக அல்லாமல், கடவுள் தம் உயிரையே பகிர்ந்துகொள்வதாக அவர்கள் பார்ப்பதால், யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு அங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை.

மேற்கில் கணக்கு திரும்ப வந்தது. இடைக்காலக் கடைசியில் காபிரியேல் பீல் போன்ற ஆசிரியர்கள் ஒரு பழைய வாக்கியத்தை வலியுறுத்தினார்கள்: தன்னால் இயன்றதைச் செய்கிறவனுக்குக் கடவுள் கிருபையை மறுப்பதில்லை. ஆறுதலான வாக்கியம் மாதிரித்தான் இருக்கிறது. இயன்றது மட்டும்தானே, கொஞ்சம்தானே. ஆனால் அதோடு ஒரு ராத்திரி தனியாக இருந்து பாருங்கள். நான் இயன்றதைச் செய்துவிட்டேனா? இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமோ? எர்ஃபுர்ட் மடத்தில் மார்ட்டின் லூத்தர் என்ற துறவி இந்தக் கேள்வியில்தான் நொந்துபோனார். விட்டுப்போன பாவம் ஏதாவது இருக்குமோ என்று பாவசங்கீர்த்தனத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடினார். ஒரு சிறு நிபந்தனைதான், ஆனால் நிறைவேறியதா என்று எப்போதும் தெரியாத நிபந்தனை. அளவு சிறியதாக இருப்பதால் நிபந்தனை இலேசாகிவிடுவதில்லை. லூத்தரின் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

1518இல் ஹைடல்பர்க்கில் அவர் முன்வைத்த கடைசி இறையியல் கருத்துரை இப்படிப் போகிறது: கடவுளின் அன்பு தனக்குப் பிரியமானதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, உண்டாக்குகிறது, மனிதனின் அன்போ பிரியமானதைப் பார்த்த பிறகுதான் பிறக்கிறது. நிபந்தனையில்லாமை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. அழகாக இருப்பதால் நேசிக்கப்படவில்லை, நேசிக்கப்படுவதால் அழகாகிறோம்.

இதற்கு எதிராகக் கத்தோலிக்கச் சபை கிரியையால், அதாவது நற்செயலால் இரட்சிப்பு என்று போதித்தது என்று புராட்டஸ்டண்டு பிரசங்கங்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13இல் வெளியிட்ட ஆணையை வாசித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதன் முதல் கண்டன விதியே, கிருபையில்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. நீதிமானாக்கப்படுவதற்கு முந்தி வரும் எதுவும், விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்கிறது எட்டாம் அதிகாரம். அப்போ வித்தியாசம் எங்கே? கிருபை எழுப்பிவிட்ட சித்தம் அதற்கு இணங்கவோ மறுக்கவோ முடியும் என்று திரெந்து சொன்னது. உள்ளே வந்தபின் அன்பும் கிரியையும் அந்த நீதியிலேயே வளர்கின்றன என்றது. லூத்தருக்கோ, அதைச் சேர்த்துக்கொண்டால் மறுபடியும் கண் தன்மேலேயே திரும்பிவிடும் என்ற பயம். கத்தோலிக்கச் சபை, லூத்தரன் சபைகள் ஆகிய இரண்டு தரப்பும் 452 வருஷம் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஒரே தாளில் கையெழுத்திட்டன. எங்கள் தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டும் கடவுள் எங்களை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பு 2017இலும் அதில் சேர்ந்தன. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் முதல் கேள்விக்கு, அதாவது முன்னால் தகுதி வேண்டுமா என்பதற்கு, இன்று பெரிய சபைகளுக்குள் சண்டை இல்லை.

புராட்டஸ்டண்டுகள் தங்களுக்குள்ளே பிரிந்தது வேறு இடத்தில். டச்சு இறையியலாளர் ஆர்மினியுஸின் சீடர்கள் 1610இல் ஐந்து கருத்துகளை முன்வைத்தார்கள்: யார் விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்தே கடவுள் அவர்களைத் தெரிந்துகொள்கிறார், அதாவது மீட்புக்கென்று தேர்ந்தெடுக்கிறார், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்பவை அவற்றில் இருந்தன. 1618-19இல் நெதர்லாந்தில் நடந்த டோர்ட் சங்கம் அதை மறுத்தது. முன்னறிந்த விசுவாசம் தெரிந்துகொள்ளுதலுக்குக் காரணமானால் விசுவாசம் ஒரு நிபந்தனையாகிவிடும். தெரிந்துகொள்ளுதல்தான் விசுவாசத்தைப் பிறப்பிக்கிறது என்றது. இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். நிபந்தனையில்லை என்பதும் எல்லோருக்கும் என்பதும் ஒன்றல்ல. டோர்ட் வழியில் கிருபைக்கு நிபந்தனை இல்லை, ஆனால் அது தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு மட்டும் பலிக்கிறது. ஆர்மினியர் வழியில் அது எல்லோருக்கும் நீட்டப்படுகிறது, ஆனால் மறுக்காமல் வாங்குவது என்ற ஒன்று மிச்சமிருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டால், கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். நீசாவின் கிரகோரி போன்ற ஆதிப் பிதாக்கள் அங்கே போயும் இருக்கிறார்கள். பெரும்பாலான சபைகள் அந்த வாசல்வரை போய்த் தயங்கி நின்றுவிட்டன.

1739இல் மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி இதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். கிருபை எல்லோரிலும் இலவசம், எல்லோருக்கும் இலவசம் என்பது அதன் தொடக்கம். முதல் பாதியை அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டும் ஒப்புக்கொள்வார். இரண்டாம் பாதியில் இருவரும் பிரிந்தார்கள், அச்சில் பதில் எழுதிக்கொள்ளும் அளவுக்கு. வெஸ்லியின் தீர்வு, முந்துகிருபை. கை நீட்டும் சக்தியையும் கடவுள்தான் கொடுக்கிறார், ஆனால் எல்லோருக்கும் கொடுக்கிறார் என்றார். 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். இந்த இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டால், வேதத்தில் இருவருக்கும் வசனம் இருக்கிறது என்பேன். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன: உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. ஆனாலும் என்ற சொல் வர வேண்டிய இடத்தில் பவுல் ஏனெனில் என்று எழுதினார்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். வாங்கிய பிறகு? மத்தேயு 18இல் இயேசு சொன்ன கதையில் ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து சுமார் 6,000 நாட்கூலி. மொத்தம் 6 கோடி நாட்கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் வருஷம். அவன் காலில் விழுந்து, பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறான். அவன் கேட்டது தவணை. ராஜா கொடுத்தது தள்ளுபடி. வெளியே வந்ததும் தனக்கு நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு நாட்கூலி தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்தப் பாவப்பட்டவனும் இவன் சற்றுமுன் சொன்ன அதே வார்த்தைகளையே சொல்லிக் கெஞ்சுகிறான். இவன் காதில் விழவில்லை. ராஜா தள்ளுபடியைத் திரும்பப் பெறுகிறார்.

அப்படியானால் மன்னிப்புக்கு நிபந்தனை இருந்ததல்லவா? கதையைக் கவனித்தால், தள்ளுபடி செய்யும்போது ராஜா எந்த நிபந்தனையும் போடவில்லை. பின்னால் அவர் கேட்பதும் ஒரு கேள்விதான்: நான் உனக்கு இரங்கினதுபோல நீயும் இரங்கவேண்டாமோ? விலையைக் கட்டவில்லை என்று அவர் கோபப்படவில்லை. இரக்கம் தன்மேல் விழுந்தும் அது இரக்கம் என்று இவனுக்குத் தெரியவில்லையே என்பதுதான் கோபம். அவன் மனதில் இன்னும் தவணைக் கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று எழுதியது இந்தப் பக்கத்தைத்தான். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. அவர் லூத்தரன் போதகர், கிருபை மட்டும் என்பதை விட்டுக்கொடுத்தவர் அல்ல. கிருபை இலவசம் என்ற உபதேசம் நாஜி அரசின் முன் வாய்மூடி நிற்கச் சாக்காகிவிட்டதைப் பார்த்தவர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இப்போது மறுபடி ஸ்காட்லாந்து. மனந்திரும்புதல் அவசியம் என்றால் அது நிபந்தனைதானே என்று கேட்டால், வரிசையைப் பார்க்கச் சொல்வேன். சீர்திருத்தச் சபைகளின் ஆசானான கால்வின் இதில் பிடிவாதமாக இருந்தார்: மனந்திரும்புதல் விசுவாசத்தைத் தொடர்ந்து வருகிறது, விசுவாசத்திலிருந்தே பிறக்கிறது, கடவுளின் தயவைச் சுவைத்தவன்தான் உண்மையில் திரும்புவான். லூக்கா 19இல் வரி வசூலிக்கிற சகேயு, இயேசுவைப் பார்க்க ஏறி மரத்தின்மேல் இருக்கிறான். "சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார் இயேசு. அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்லவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப என்று சகேயுவே சொல்வது அதற்கு அப்புறம்தான். ஆக்தரார்டர் வாக்கியம் சொல்லத் தடுமாறியது இதைத்தான். அந்தச் சர்ச்சை அதோடு அடங்கவும் இல்லை. கிருபையைத் தாராளமாக அறிவித்த ஒரு பழைய நூலைப் பாஸ்டனின் நண்பர்கள் 1718இல் மறுபதிப்பித்தார்கள். 1720இல் பேரவை அதைப் போதகர்கள் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுத்தது. பாஸ்டனும் சேர்ந்து 12 போதகர்கள் அந்தத் தடைக்கு எதிராக நின்றார்கள்.

நான் போதுமான அளவு வருந்தினேனா என்று யாராவது கேட்டால், லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். பதினெட்டாம், பத்தொன்பதாம் வசனங்களில் வீட்டைவிட்டுப் போன இளைய மகன் பன்றிகளின் நடுவே இருந்து ஒரு பேச்சை மனப்பாடம் செய்கிறான். பாவஞ்செய்தேன், குமாரன் எனப்படுவதற்குப் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். கடைசி வரியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேலை செய்கிறேன், கூலி கொடுங்கள்; தன் பங்குக்கு அவனே போட்டுக்கொண்ட நிபந்தனை அது. இருபத்தொன்றாம் வசனத்தில் அதையே தகப்பனிடம் சொல்லத் தொடங்குகிறான். அதற்குள் தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாயிற்று. பாவஞ்செய்தேன், பாத்திரனல்ல என்பதுவரை வருகிறது. கூலிக்காரன் வரி வரவில்லை. தகப்பன் வேலைக்காரர்களிடம் திரும்பி உயர்ந்த வஸ்திரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சினாய், வத்திக்கான் என்ற பெயர்களால் அறியப்படும் நாலாம் நூற்றாண்டுப் பழம்பெரும் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும், வேறு சில பிரதிகளிலும் இருபத்தொன்றாம் வசனம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. மனப்பாடம் செய்தது விட்டுப்போயிற்றே என்று நினைத்த யாரோ ஒருவர், பத்தொன்பதாம் வசனத்தைப் பார்த்து, கூலிக்காரன் வரியை அங்கேயும் எழுதிச் சேர்த்துவிட்டார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.